சிங்க் அடைச்சிருச்சா? தள்ளாதீங்க, எடுங்க!

பழைய செய்தித்தாளை விரித்து, சிங்க் குழாயிலிருந்து எடுத்த கட்டியை அதன்மேல் வைத்தார் பிளம்பர். உள்ளங்கையில் அடங்கும் அளவு. வெளியே சாம்பல் கலந்த வெள்ளை. கத்தியால் கீறியதும் உள்ளே மஞ்சள். தொட்டால் வழுக்கியது, அழுத்தினால் உதிர்ந்தது. கத்தி நுனியால் கிளறி, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தார். கறிவேப்பிலைக் காம்பு. கடுகு. புளிச் சக்கையின் நார். தேங்காய்த் துருவல். டீத்தூள். ஸ்டீல் நாரிலிருந்து உதிர்ந்த சுருள் துணுக்கு. ஊறிப் பெருத்து உருக்குலைந்த சோற்றுப் பருக்கைகள். இவை அத்தனையையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்தது எண்ணெய்.

சென்னையில் ஒரு அடுக்ககத்தின் மூன்றாவது மாடி. வந்தவர் உடனே கருவிப் பையைத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: ‘‘அக்கா, இதுக்குள்ள என்னென்ன ஊத்துனீங்க?’’

கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், கடையில் வாங்கிய பாக்கெட் பவுடர், பாத்ரூம் கழுவும் ஆசிட் என்று வீட்டுக்காரம்மா வரிசையாகச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் பிளம்பர் ரப்பர் கையுறையை மாட்டியிருந்தார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையை வெளியே அனுப்பச் சொன்னார். ‘‘இந்தத் தண்ணி ஒரு சொட்டு கண்ணுல பட்டா கண்ணு போயிரும்க்கா. எங்காளுங்க நிறைய பேருக்குக் கை வெந்திருக்கு.’’

அடைத்துக்கொண்ட சிங்க்கைப் பார்த்ததும் எப்படியாவது கீழே தள்ளிவிட வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. சுடுதண்ணீர் அதற்குத்தான், பவுடர் அதற்குத்தான், துடைப்பக் குச்சியை விட்டுக் குத்துவதும் அதற்குத்தான். கண்ணைவிட்டு மறைந்தால் போதும். ஆனால், சமையலறை அடைப்புகளில் பெரும்பாலானவை கை எட்டும் தூரத்திலேயே, சிங்க்குக்கும் தரைக்கும் நடுவிலேயே நிற்கின்றன. அங்கிருந்து அதை வெளியே எடுக்க ஒரு வாளி, ஒரு ஜோடி கையுறை, அரை மணி நேரம் போதும். தள்ளிவிட்டாலோ, அது போய் உட்காரும் இடத்துக்கு நம் கை எட்டாது. அங்கே இன்னொரு மனிதரை இறக்கிவிடுகிறோம்.

தண்ணீர் போகும் வழி

சிங்க்கின் நடுவில் ஓட்டைகளோடு தெரிவது ஜாலி. அதைத் தொட்டியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருப்பது வேஸ்ட் கப்ளிங். அதற்குக் கீழே இரண்டில் ஒன்று இருக்கும். சில வீடுகளில் பாட்டில் டிராப். புட்டி வடிவில் தொங்கும். அதன் அடிப்பாகம் தனியாகக் கழன்று வரும். மற்ற வீடுகளில் வெள்ளை நிறச் சுருள் பைப் ஒன்று கப்ளிங்கில் தொடங்கி நேராகத் தரைக் குழாய்க்குள் செருகப்பட்டிருக்கும். நம் ஊரில் இந்த இரண்டாவது ரகம்தான் அதிகம்.

டிராப்புக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்றுகொண்டிருக்கும். சுமார் 50 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குல உயரம். சாக்கடை வாயுவும் கரப்பான் பூச்சியும் வீட்டுக்குள் ஏறி வராமல் தடுப்பது அந்த 2 அங்குலத் தண்ணீர்தான். லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கம்மிங், 1775இல் ‘எஸ்’ வடிவ வளைவு கொண்ட கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். 250 ஆண்டுகள் கழித்தும் உலகம் அதே யோசனையைத்தான் பயன்படுத்துகிறது. டிராப்பில் தண்ணீர் தங்கும்போது கனமான குப்பையும் தங்கும். அப்படித் தங்குவது நல்லது. டிராப்பில் அடைப்பு விழுந்தால், திறந்து எடுக்கக்கூடிய இடத்தில் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

சுருள் பைப்பில் அந்த வசதி இல்லை. வெளியே தெரியும் மடிப்புகள் உள்ளேயும் இருக்கின்றன. ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய் ஒட்ட ஓர் இடம். தேவையான நீளத்துக்கு வெட்டாமல் வாங்கியபடியே மாட்டிவிடுவதால் நடுவில் தொய்ந்து தொங்கும். தொய்வில் சோறு தங்கும். டிராப் எதுவும் இல்லாமல் நேராகத் தரைக்குள் போவதால் நாற்றமும் தடையின்றி மேலே வரும். புது வீடு கட்டுகிறவர்கள் கிரானைட் மேடைக்கும் வெளிநாட்டுக் குழாய்க்கும் செலவழிக்கும் பணத்தில் சிறு பங்கை ஒரு நல்ல பாட்டில் டிராப்புக்குச் செலவழிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால்தான் யாரும் அதைக் கேட்பதில்லை.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். சிங்க்கில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, பாத்ரூமிலும் துணி துவைக்கும் இடத்திலும் ஒழுங்காகப் போகிறது என்றால், அடைப்பு சிங்க்குக்கு நேர்க்கீழே. சிங்க்கில் ஊற்றிய தண்ணீர் சர்வீஸ் ஏரியாவின் தரை ஜாலி வழியாகப் பொங்கினால், அடைப்பு அந்த ஜாலியையும் தாண்டி இருக்கிறது. நீங்கள் குழாயே திறக்காதபோது, மாடி வீட்டில் பாத்திரம் கழுவினால் உங்கள் சிங்க்கில் தண்ணீர் ஏறுகிறதா? அப்படியானால் அடைப்பு எல்லோருக்கும் பொதுவான செங்குத்துக் குழாயிலோ, அது போய்ச் சேரும் சேம்பரிலோ இருக்கிறது. அதை ஒரு வீட்டுக்குள் நின்று சரிசெய்ய முடியாது. தண்ணீர் இறங்கும்போது ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வந்தால் முழு அடைப்பு இன்னும் விழவில்லை, வழி குறுகியிருக்கிறது என்று பொருள். அந்தச் சத்தம் கேட்ட வாரத்திலேயே டிராப்பைத் திறந்துவிடுவது உத்தமம்.

எண்ணெய் கல்லாகும் கதை

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைவதை எல்லோரும் பார்த்திருப்போம். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே அது உறையத் தொடங்கிவிடும். நெய்க்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும். ஆட்டுக் கொழுப்போ 40 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். சுடுதண்ணீரில் கறிக்குழம்புச் சட்டியைக் கழுவும்போது பளிச்சென்று சுத்தமாகிறது; கொழுப்பு திரவமாகக் கீழே ஓடிவிடுகிறது. குழாயின் நிழலில் இரண்டு, மூன்று அடி போனதும் சூடு ஆறி, சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நாள் அதன்மேல் இன்னொரு பூச்சு.

வெறும் உறைதல் என்றால் சூடு காட்டினால் மறுபடி உருகிவிட வேண்டும். பழைய அடைப்பு உருகுவதில்லை. பொரித்த எண்ணெயிலும் நாள்பட்ட எண்ணெயிலும் கொழுப்பு அமிலங்கள் தனியே பிரிந்து நிற்கும். அவை தண்ணீரிலும் சிமெண்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்தால், தண்ணீரில் கரையாத கால்சியம் சோப்பாக மாறிவிடும். போர் தண்ணீரில் குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து பக்கெட் விளிம்பில் படியுமே, அதுவும் கால்சியம் சோப்புதான். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பாதாளச் சாக்கடைகளில் கெட்டிப்படும் கொழுப்புப் படிவுகள் இப்படித்தான் உருவாகின்றன என்று விளக்கினார்கள். உப்புத் தண்ணீரும் எண்ணெய்ச் சமையலும் ஒன்றாக இருக்கும் நம் வீடுகளுக்கு இதைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

இதோடு மாவுப் பொருள் சேரும். இட்லி மாவுப் பாத்திரம் கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, பருப்புத் தெளிவு எல்லாம் குழாய்ச் சுவரில் பசையாக ஒட்டும். டீத்தூளும் தேங்காய்த் துருவலும் அந்தப் பசையில் சிக்கிச் சல்லடை கட்டும். பிளம்பர் செய்தித்தாளில் பிரித்துக் காட்டியதில் எதுவுமே தனியாக ஒரு குழாயை அடைக்கும் அளவுக்குப் பெரிதில்லை.

இதே கலவை ஊர் அளவுக்கு வளர்ந்தால் என்ன ஆகும் என்பதை லண்டன் 2017இல் பார்த்தது. வைட்சாப்பல் பகுதியின் பழைய சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளத்துக்கு, சுமார் 130 டன் எடையில் ஒரு கொழுப்புப் பாறை அடைத்துக்கொண்டு கிடந்தது. சமையல் எண்ணெயும், கழிப்பறையில் போட்ட ஈரத் துடைப்பான்களும் சேர்ந்து இறுகியது. அதை உடைத்து வெளியே எடுக்கத் தொழிலாளர்களுக்குப் பல வாரங்கள் ஆயின. அதில் ஒரு துண்டை மறு ஆண்டு லண்டன் அருங்காட்சியகம் காட்சிக்கே வைத்தது.

அரை மணி நேர வேலை

முதலில் குழாயை மூடுங்கள். வாஷிங் மெஷினின் கழிவுநீரும் அதே பைப்பில் சேர்கிறது என்றால் அதையும் நிறுத்துங்கள். சிங்க்கில் நிற்கும் தண்ணீரைக் குவளையால் மொண்டு வாளியில் ஊற்றுங்கள். ஜாலிமேல் படிந்ததைக் கையால் வழித்துக் குப்பையில் போடுங்கள். சில நாள் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ரப்பர் பம்ப். ஹார்டுவேர் கடையில் சிங்க்குக்கு என்று கேட்டு, அடி தட்டையாக உள்ளதை வாங்குங்கள். கழிப்பறைக்கானது வேறு, அதன் அடியில் ஒரு உதடு நீண்டிருக்கும். கழிப்பறையில் புழங்கியதைச் சமையலறைக்குக் கொண்டுவரவே கூடாது. சிங்க்கில் நான்கு விரற்கடைத் தண்ணீர் இருக்கட்டும். ரப்பர் கிண்ணம் முழுதாக அதில் மூழ்க வேண்டும், காற்று புகுந்தால் விசை போய்விடும். தொட்டியின் மேல்விளிம்பில் ஓவர்ஃப்ளோ துளை இருந்தால் ஈரத்துணியைத் திணித்து அடையுங்கள். இரட்டைத் தொட்டி என்றால் பக்கத்துத் தொட்டியின் வாயையும் அடைக்க வேண்டும். இல்லையேல் இங்கே அழுத்த, அங்கே பீறிடும்.

பம்பைப் பிடித்தால் பலம் கொண்ட மட்டும் அழுத்துவதுதான் பலரின் வழக்கம். அழுத்த அழுத்தக் கட்டி இன்னும் இறுகிப்போய் உட்காரும். மெதுவாக அழுத்தி, சட்டென்று மேலே இழுக்க வேண்டும். இழுப்பில்தான் அது தளரும். பதினைந்து, இருபது தடவை விடாமல் இப்படிச் செய்தால், தண்ணீர் கலங்கி, கறுப்புத் துணுக்குகள் மேலே மிதக்கத் தொடங்கும். அவற்றை அள்ளி வெளியே போடுங்கள். திரும்ப உள்ளே அனுப்பாதீர்கள். தரைக் குழாயில் சும்மா செருகிவைத்த சுருள் பைப் இந்த அழுத்தத்தில் கழன்று வந்துவிடும் என்பதால், இன்னொருவர் அதைக் கீழே பிடித்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே பவுடரோ ஆசிட்டோ ஊற்றிவிட்டீர்கள் என்றால் பம்பைத் தொடவே வேண்டாம். தெறிக்கும் தண்ணீர் முகத்தில்தான் விழும்.

அடுத்தது டிராப்பைத் திறப்பது. பயப்பட ஒன்றுமில்லை. சிங்க்குக்கு அடியில் அடைத்துவைத்திருக்கும் பழைய பாலித்தீன் பைகள், கோலமாவு டப்பா, காலி பாட்டில்கள் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுங்கள். இடம் இருந்தால்தான் கை சுழலும். கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பிறகு தேட வேண்டாம். வாளியை நேர்க்கீழே வையுங்கள். டிராப்பின் அடிக் கிண்ணத்தைக் கையாலேயே திருகலாம். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கணக்கில், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. நழுவினால் காய்ந்த துணியைச் சுற்றிப் பிடியுங்கள். கிண்ணம் தளர்ந்ததும் கறுப்புத் தண்ணீர் வாளியில் கொட்டும். நாற்றம் கடுமையாக இருக்கும். அது கொஞ்ச நேரம்தான்.

உள்ளே இருப்பதைப் பழைய ஸ்பூனால் சுரண்டிச் செய்தித்தாளில் போடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் மரைகளைத் தேய்த்துக் கழுவுங்கள். கழற்றிய பாகங்களைக் கழுவ அதே சிங்க்குக் குழாயைத் திறந்துவிடக் கூடாது. கீழே பைப் இல்லை. தண்ணீர் முழுவதும் அலமாரிக்குள் போகும். பாத்ரூமுக்கு எடுத்துப் போய் ஒரு வாளியில் கழுவி, வண்டலை வடித்துக் குப்பையில் சேருங்கள்.

சுருள் பைப் என்றால் இரண்டு முனையையும் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய் வளைத்து நெளித்து உதற வேண்டும். உள்மடிப்புகளில் கெட்டிப்பட்டதை முழுதாக எடுக்க முடியாது. எண்ணெய் ஏறிப் பழுத்துப்போன பைப்பைக் கழுவிக்கொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவது லாபம். பழைய துண்டைக் கடைக்கு எடுத்துப் போனால் அதே அளவில் தருவார்கள். புதியதைத் தொய்வில்லாத நீளத்துக்கு வெட்டி மாட்டுங்கள்.

திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷரைப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிடுங்கள். நட்டை மரை மாறி ஏறாமல் நேராக உட்கார வைத்துக் கையால் இறுக்கினால் போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு விரிந்துவிடும். இரவெல்லாம் சொட்டிக் காலையில் அலமாரிப் பலகை ஊதியிருக்கும். மாட்டி முடித்ததும் இணைப்புகளுக்கு அடியில் காய்ந்த செய்தித்தாளை விரித்து, தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். தாளில் ஈரப் புள்ளி விழாவிட்டால் வேலை முடிந்தது.

டிராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் போகவில்லை என்றால், அடைப்பு தரைக் குழாயில். அதற்குச் சுழற்றி விடும் ஸ்பிரிங் கம்பி கடையில் கிடைக்கிறது. கம்பியை உள்ளே செலுத்திக்கொண்டே ஒரே திசையில் சுழற்ற வேண்டும். ஓரிடத்தில் முட்டும். முட்டியது வளைவா, அடைப்பா என்பது கைக்கே தெரிந்துவிடும்: வளைவு என்றால் சுழற்றச் சுழற்ற முன்னே நகரும், அடைப்பு என்றால் மெத்தென்று கவ்வும். கவ்வியதும் குத்தாதீர்கள். இன்னும் இரண்டு சுற்று சுற்றி, நிதானமாக வெளியே இழுங்கள். பழைய துணியால் கம்பியைத் துடைத்துக்கொண்டே வந்தால் சமையலறை அழுக்காகாது. நுனியில் சிக்கி வருவதைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி விடுங்கள். கம்பி அதன் முழு நீளத்துக்கும் போய், ஒன்றும் சிக்காமல் திரும்பினால் பிளம்பரைக் கூப்பிட்டுவிடலாம். அதற்கு மேல் வீட்டில் முட்டி மோத வேண்டியதில்லை.

கடைசியாகச் சுடுதண்ணீர். அடைப்பை எடுத்த பிறகு, சுவரில் ஒட்டிய மிச்ச எண்ணெயைக் கழுவுவதற்கு மட்டும். பாத்திரம் தேய்க்கும் திரவம் கொஞ்சம் விட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஒரு வாளி ஊற்றலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். நம் வீடுகளில் இருப்பது பி.வி.சி. குழாய். 60 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு பட அது செய்யப்படவில்லை. 80 டிகிரியை நெருங்கும்போது இளகி, இணைப்புகள் விட்டுக்கொடுக்கும்.

பாக்கெட்டும் ஆசிட்டும்

கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கிப் பவுடர்களில் முக்கியச் சரக்கு காஸ்டிக் சோடா. கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைக்கும் என்பது வேதியியல்படி சரிதான். ஆனால் குழாய் முழுவதும் தண்ணீர் நிற்கும்போது பவுடர் அடைப்பைப் போய்த் தொடுவதே சந்தேகம். அதிகமாகப் போட்டுவிட்டால் வளைவில் குவிந்து கட்டியாகி, அதுவே புது அடைப்பாகிவிடும். தண்ணீர் பட்டதும் கடுமையான சூட்டைக் கிளப்பும், அந்தச் சூடு பி.வி.சி.யைப் பதம் பார்க்கும். அலுமினியத்தில் பட்டால் எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும்.

ஆசிட் அதைவிட மோசம். பாத்ரூம் ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டியையே புள்ளி புள்ளியாக அரித்துவிடும். கொழுப்பை ஒன்றும் செய்யாது. காஸ்டிக் சோடா கிடக்கும் குழாயில் ஆசிட்டை ஊற்றினால் கொதித்து மேலே சீறும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஜன்னல் மூடிய சிறு சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. ஒன்று வேலை செய்யவில்லை என்று இன்னொன்றை ஊற்றுவதைத்தான் இந்த விஷயத்தில் முதலில் நிறுத்த வேண்டும்.

ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லக்ஷ்மி தொடுத்த வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம் ஆசிட்டின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாளத்தையும் காரணத்தையும் கடைக்காரர் பதிவு செய்ய வேண்டும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. அவ்வளவு அபாயமான பொருளைப் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி, தவழும் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் சிங்க்குக்கு அடியில் வைக்கிறோம். தயவுசெய்து இன்றே அதை அங்கிருந்து அப்புறப்படுத்துங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு நேராக ஆஸ்பத்திரி. பவுடர் ஏதாவது போட்டிருந்தால், பிளம்பர் வந்ததும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் போட்டுப் பொங்க வைக்கும் வீடியோவைப் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். பொங்கும் வாயு திறந்த வாய் வழியே மேலே போய்விடுகிறது. கெட்டிப்பட்ட கொழுப்பு அசையாது.

கழுநீர்ப் பானை இருந்த இடம்

பழைய வீடுகளில் சமையலறையை ஒட்டி அங்கணம் இருந்தது. அரிசி களைந்த தண்ணீரும், வடித்த கஞ்சியில் மிஞ்சியதும், காய்கறித் தோலும் கழுநீர்ப் பானைக்குப் போயின, அங்கிருந்து மாட்டுக்கு. எண்ணெய்ப் பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். சாம்பலில் உள்ள காரம் கொழுப்பை இழுத்துக்கொள்ளும்; அந்தச் சாம்பல் கொல்லையில் விழும். கழுவிய தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் ஓடியது. குழாய்க்குள் போக எண்ணெயும் இல்லை, குழாயும் இல்லை. அந்தச் சமையலறைக்குத் திரும்பச் சொல்லவில்லை. அதில் புகை இருந்தது, நாள் முழுவதும் அந்தப் புகையில் கிடந்த பெண்கள் இருந்தார்கள். ஆனால் எதை எங்கே சேர்க்க வேண்டும் என்ற பிரிவினை அங்கே தெளிவாக இருந்தது. இன்று அந்த நான்கைந்து வழிகளும் ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்றில் வந்து முடிகின்றன.

அந்தப் பிரிவினையை மாடி வீட்டிலும் செய்ய முடியும். அப்பளம் பொரித்த வாணலியையும் குழம்புச் சட்டியையும் சிங்க்கில் போடுவதற்கு முன் பழைய செய்தித்தாளால் ஒரு தடவை துடைத்துவிட்டால், குழாய்க்குள் போகும் எண்ணெயில் பெரும் பங்கு அங்கேயே நின்றுவிடும். இலையில் சாப்பிட்ட நாளில் அந்த இலைத் துண்டே போதும். இட்லி மாவுப் பாத்திரத்தையும் மிக்ஸி ஜாரையும் முதல் முறை அலசும் தண்ணீர் செடிக்கு. டீ வடிகட்டியைக் குப்பைக் கூடையில் தட்டிவிட்டுத்தான் கழுவ வேண்டும். ஜாலிக்கு மேல் பொடிக் கண் உள்ள ஸ்டீல் வலைக் கிண்ணம் ஒன்றைப் போட்டுவைக்கலாம்.

மிஞ்சிய எண்ணெயைச் சிங்க்கில் கவிழ்ப்பது மட்டும் கூடவே கூடாது. தீபாவளிப் பலகாரம் சுட்ட மறுநாள் பிளம்பர்களுக்கு ஏன் ஓய்வில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். ஆறிய எண்ணெயை மூடியுள்ள பாட்டிலில் சேர்க்கலாம். கொஞ்சம்தான் என்றால் காகிதத்திலோ மரத்தூளிலோ ஊறவைத்துக் குப்பையில் போடலாம். பயன்படுத்திய சமையல் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக மாற்றும் ‘ரூகோ’ திட்டத்தை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் தொடங்கியது. ஓட்டல்களை நோக்கித் தொடங்கிய திட்டம் அது. அடுக்ககங்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் வீடுகளுக்கும் பயன்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்க் அடைத்தால் முதல் பழி பாத்திரம் தேய்க்க வரும் அக்கா மீது விழுகிறது. நாம் துடைக்காமல் போட்ட சட்டியைத்தான் அவர் கழுவுகிறார். துடைப்பதற்குக் காகிதமும், எச்சிலைச் சேர்க்க ஒரு தனிக் கூடையும் சிங்க் பக்கத்திலேயே வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி. வாரம் ஒருமுறை தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிடுவதும், மாதம் ஒருமுறை டிராப்பைக் கழற்றிப் பார்ப்பதும் வீட்டுக்காரர்களின் வேலை.

தெருவில் இருக்கும் மூடி

வீட்டுக் குழாயைத் தாண்டிய கொழுப்பு சேம்பரிலும் பாதாளச் சாக்கடையிலும் போய்ப் படிகிறது. காற்றில்லாத அந்த இடத்தில் அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு அந்த வாடையையே உணராமல் போய்விடும். நாற்றம் இல்லையே என்று உள்ளே இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுகிறார். நாளிதழ்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே செய்தி வருவதற்குக் காரணம் இதுதான்.

சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்க்குக்குள்ளும் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் மனிதரை இறக்குவதை கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறை, 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அவ்வளவுக்குப் பிறகும், 1993 முதலான கணக்கை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்தபோது, இத்தகைய சாவுகள் அதிகம் பதிவான மாநிலமாகத் தமிழ்நாடுதான் இருந்தது. எந்தச் சாதியைச் சேர்ந்தவர்கள் இறக்கப்படுகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். சாக்கடையைச் சுத்தம் செய்யக் கேரள இளைஞர்கள் உருவாக்கிய ‘பேண்டிகூட்’ ரோபோவும், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்ராடிங் லாரிகளும் நம் நகரங்களுக்கு வந்துவிட்டன. இயந்திரம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. ஆனால் அடுக்ககத்தின் செப்டிக் டேங்க்கும் உள்சேம்பரும் அரசாங்கத்தின் பொறுப்பில் இல்லை. அங்கே யாரை அழைப்பது, எப்படிச் சுத்தம் செய்வது என்று முடிவெடுப்பது சங்கத்தின் செயலாளர். குறைந்த கூலிக்கு ஓர் ஆள் கிடைக்கிறார் என்பதற்காக அந்த முடிவு எடுக்கப்படுகிறது.

ஆகவே பொது லைன் அடைத்துக்கொண்டால் முதலில் கேட்க வேண்டியது, வருகிறவர்களிடம் உறிஞ்சு லாரியும் ஜெட் இயந்திரமும் இருக்கிறதா என்பதை. ‘‘ஆளை எறக்கி எடுத்துருவோம்’’ என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். குழியில் எவரும் இறங்கக் கூடாது என்பதைச் சங்கத்தின் ஒப்பந்தத் தாளில் எழுத்தாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டடத்துக்கு வெளியே, தெரு லைனில் அடைப்பு என்றால் குடிநீர் வாரியத்திலோ நகராட்சியிலோ புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் வருவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடலாம். அதுவரை எல்லா மாடிகளிலும் சமையலறைக் குழாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். மேல்வீடுகளில் ஊற்றுவதெல்லாம் தரைத்தளத்துச் சிங்க்கில்தான் பொங்கும். வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று இருந்துவிடாமல், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிவிடுவது நல்லது. பகலில் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அன்றைய பாத்திரங்களை அகலமான தொட்டியில் அலசி, அந்தத் தண்ணீரை வலையில் வடித்து மரங்களுக்கு ஊற்றலாம்.